வேற்றுமொழி

விடிகாலை ஐந்தரை. மயாமியில் முந்தின நாள் இரவு ஏழு.
செக்காலை ரோட்டில், செல்போன் கடைக்கு மேல் மாடி.
கார்த்திகை மழை இப்போதுதான் விட்டது.
காதில் ஹெட்போன், காலில் போர்வை.
அங்கே சிவப்புக் கம்பளத்தில்
மின்னுகிற ஒருவர் காரைவிட்டு இறங்குகிறார்.

என் வேலை இதுதான்:
அவர்கள் ஸ்பானிஷில் சொல்வதை
அதே ஸ்பானிஷில் நானும் சொல்ல வேண்டும்,
சுருதி இல்லாமல், அழுகை இல்லாமல்,
காற்புள்ளியையும் வாயால் சொல்லி.
இயந்திரம் கேட்டு எழுதும்.
காது கேளாத யாரோ ஒருவர் வீட்டில்
மூன்று விநாடி கழித்துத் திரையடியில் ஓடும்.

பல்லவன் ஊதினால் ஆபத்து.
போன வருஷம் அந்த ஊதலை
இயந்திரம் ‘ஊவா’ என்று எடுத்துக்கொண்டது.
மனைவிக்கு நன்றி சொன்ன ராப் பாடகர்
திராட்சைக்கு நன்றி சொன்னதாகப் போயிற்று.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

மேலாளர் ரெய்னால்டோவுக்கு
உமையாள் வராது, உமாயல்தான்.
நானும் திருத்தவில்லை.
அவர்களிடம் தொப்பி வைத்த ஒரு ந உண்டு,
நம் ஞ-தான் அது.
ஞாயிறு போனால் இங்கே
வாரம் பூராவும் சும்மா கிடக்கிற எழுத்து,
அங்கே ஓயாமல் உழைக்கிறது:
ஆண்டில், நாளையில், கனவில், சீமாட்டியில்.

‘சிறந்த வெப்பமண்டலப் பாட்டு’ என்று ஒரு பரிசு.
வாங்கியவர் மே மாதம் இங்கே வந்து
நண்பகலில் ஒரு பல்லவி பாடட்டும், பார்க்கலாம்.

எட்டரை. கீழே ஷட்டரைத் தூக்குகிறார்கள்.
நாட்டுப்பாட்டுப் பிரிவு. யாரும் நினைக்காத பெயர்:
சதுர்னினா வில்கா.
விளம்பரத்துக்கு இன்னும் நாற்பது விநாடி.
தொப்பியைக் கழற்றாமல் ஏறி வந்தாள்.
ஒரே ஒரு ‘கிராசியாஸ்’
(அன்று காலையில் எனக்கு அது இருநூற்றுப் பதினொன்று).
அப்புறம் வேறெங்கோ போய்விட்டாள்.
தொண்டைக்கும் அடியிலிருந்து ஒரு க,
நம்மிடம் இல்லாத க.
அரங்கில் பாதிப் பேர் புன்னகையோடு காத்திருந்தார்கள்.

கையேடு, பக்கம் பதினாறு:
‘வேற்றுமொழியில் பேசுகிறார்’ என்று போடவும்.
அதற்கென்றே ஒரு பொத்தான்.

விரல் போயிற்று. அங்கேயே நின்றது.

கல்லூரி விடுதியில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்தோம்.
லண்டன் மளிகைக் கடையிலிருந்து நம்மாள் ஒருவன்
கதாநாயகன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறான்.
கீழே எழுத்து: வேற்றுமொழியில் கத்துகிறான்.
அடியாள் என்றே உலகம் நினைத்திருக்கும்.
எங்கள் அறையில் மட்டும் சிரிப்பு. அவன் கத்தியது:
‘தம்பி, மிச்சக் காசை வாங்கிட்டுப் போப்பா!’

மைக்கை அணைத்தேன்.
கையால் அடித்தேன், காதில் விழுந்தபடி.
இல்லாத க-வுக்கு இருக்கிற க-வைப் போட்டேன்.
‘மமாய்’ மூன்று முறை வந்தது.
அம்மாவாக இருக்கலாம்.
ஆறாகவும் இருக்கலாம்.
நாலு வரி, ஆறு விநாடி தாமதம்.
ஷாம்பூ விளம்பரத்தில் ஒருத்தி கூந்தலை உதறும்போது
அவள் காலடியில் சதுர்னினாவின் கடைசிச் சொல்
இறங்க மறந்த பயணிபோல் நின்றிருந்தது.

செய்தி வந்தது: ‘உமாயல், என்ன அது?’
‘அவர் சொன்னது.’
‘என்ன சொன்னார்?’
‘தெரியாது.’
‘சரியாக எழுதினாயா?’
‘தெரியாது.’
மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன.
மறுபடி ஆடின.

விளம்பரம் முடிந்துவிட்டது.
வெள்ளைக் கோட்டில் இருவர் உறையைப் பிரிக்கிறார்கள்.
மைக்கைப் போட்டேன். தொண்டையைக் கனைத்தேன்.
அவர்கள் வாய் திறக்குமுன்
நான் காற்புள்ளியைச் சொல்லிவிட்டேன்.