சொத்தை

அறுநூற்றைம்பது டாலருக்கு
ஐம்பத்தொன்றாம் வருடத்து நாஷ் ஒன்று.
கவிழ்த்துவைத்த குளியல்தொட்டி என்றான் வெர்லின்,
இழுவை லாரியின் சங்கிலியை அவிழ்த்தபடி.
மினசோட்டாவின் உப்புத் தூவிய சாலைகளில் வளர்ந்தது.
முன்சக்கரங்களையும் பாதி மறைத்துக்கொண்டு
பியூட் நகரத்துச் சரிவில்
எங்கள் கராஜ் வாசலில் கூச்சத்தோடு நின்றது,
நுழைவதற்கு நாலு அங்குலம் அதிகமாக.

ஆரின் ஒன்றும் பேசாமல் போய்
கராஜின் நிலைச்சட்டத்தைப் பெயர்த்தான்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பகலில் நான் பிறர் பல்லைச் சுத்தம்செய்கிறவள்.
வாயைப் பிளக்கவைத்துவிட்டு
எத்தனை நாளாய் வலி என்று கேட்கிறவள்.
ராத்திரியில்
ஆஸ்பத்திரி ஓய்வு கொடுத்த குட்டிக் கண்ணாடியும்
வளைந்த ஊசியும்
கார்புரேட்டரின் துளைகளுக்குள் போகின்றன.
யாரோ என்றைக்கோ ஊற்றிய பெட்ரோல்
அரக்காய்க் காய்ந்து ஒட்டியிருக்கிறது.
சுரண்டி, ஊதி, விளக்குக்கு நேரே பிடித்தால்
ஊசிமுனையளவு வெளிச்சம்.
அன்றைக்கு அது போதும். தூங்கப் போவேன்.

ஓட்டுநர் கதவுக்கடியில் ஓடும் இரும்பை
ஒரு சனிக்கிழமை தட்டிப் பார்த்தேன்.
டங் என்று சொல்லவேண்டியது
டொக் என்றது.
சாயத்துக்கடியில் தார்,
தாருக்கடியில் கசக்கித் திணித்த செய்தித்தாள்,
செய்தித்தாளுக்கடியில்
ஒன்றுமே இல்லை.
அடைத்து, வழித்து, மினுக்கி
என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர்.
கோபம் வரவில்லை.
தினமும் பார்ப்பதுதானே,
வெளியே வெள்ளை, உள்ளே சொத்தை.
சொத்து என்று நம்பி வாங்கியதற்கும் அதற்கும்
ஓர் எழுத்துத்தான் தூரம்.

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டவேண்டும்.
வெட்டினேன்.
பொறி பறந்தது, சட்டையில் ஏழு ஓட்டை,
அவ்வளவு சந்தோஷமாய் நான் இருந்து நாளாகியிருந்தது.
இந்த வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது,
தோலேதான் எலும்பு,
முட்டுக் கொடுக்காமல் கை வைக்காதே
என்று படித்ததெல்லாம்
அந்தப் பொறியோடு போயிற்று.

மறுநாள் கதவு மூடவில்லை.
எள்ளளவு என்று சொல்ல ஆசைதான்.
கால் அங்குலம்.

ஆரின் வந்தான், குனிந்தான்,
கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி இழுத்து மூடினால்
மூடும் என்றான்.
எங்கள் குளியலறைக் கதவு அப்படித்தான்,
பதினெட்டு வருடமாய்.
தூக்கி இழுத்து மூடிக்கொண்டுதான் இருக்கிறோம்.
இதை மாட்டேன் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல,
அவன் காப்பிக் கோப்பையோடு உள்ளே போய்விட்டான்.

ஜாக்கியை அடியில் நிறுத்தி
ஒரு பல் ஏற்றுவேன்.
கதவைச் சாத்திப் பார்ப்பேன்.
இன்னொரு பல்.
இறங்கி, ஏற்றி, தவறி, திட்டி,
பதினோரு ராத்திரி.
பன்னிரண்டாவது ராத்திரி
ஒற்றை விரலால் தள்ளினேன்.
களுக்.
சமையலறையில் டிவியின் சத்தம்
குறைந்தது.

ஜூன் முதல் வாரம், பனியும் மழையும் பாதிப்பாதி.
நிலக்கீழ்ச் சுரங்கங்களின் கறுப்புக் கோபுரங்களைத் தாண்டி
வாக்கர்வில் ஏற்றத்தில் எடுத்தோம்.
இன்ஜின் உள்ளே இழுக்கும் மூச்சில்தான்
கண்ணாடித் துடைப்பான் ஆடுகிறது, மின்சாரத்தில் அல்ல.
அழுத்தி மிதித்தால்
நடுவழியில் கையைத் தூக்கியபடி நின்றுவிடும்.
நின்றது. முன்னால் வெறும் தண்ணீர்.
காலை எடு, என்றான் ஆரின்.
எடுத்தேன்.
வண்டி தயங்கியது, துடைப்பான் ஒருமுறை போய் வந்தது,
ஒரு தபால்பெட்டி, ஒரு நாய், ஒரு வளைவு.
மிதித்தேன்.
மறுபடி தண்ணீர்.
கொஞ்சம் பார்த்து, கொஞ்சம் ஏறி
உச்சிக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது.

அவன் இறங்கி
தன் பக்கத்துக் கதவைச் சாத்தினான்,
கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி.

அந்தப் பக்கத்தை
நான் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை.