மூடியோடு முந்நூற்று நாற்பது

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு வண்டி.
வண்டியின் முன்னால் நின்றபடி
பெட்டிகளை எண்ணத் தொடங்கிய மோனிஷா
முப்பத்தாறில் விட்டுவிட்டாள்.

இந்தப் பக்கம் பிளாஸ்டிக் கடை:
ஊதா, பச்சை, தக்காளிச் சிவப்பு,
அடியில் நாலு உருளை,
மூடியில் சிரிக்கிற கரடி.
அந்தப் பக்கம் மரக்கடை.
ஆயிரத்து எண்ணூறு சொன்ன பெட்டி
ஒரு வேகனுக்கும் அடுத்த வேகனுக்கும் நடுவில்
தெரிந்து, மறைந்து, தெரிந்தது.

"இன்னா சொல்ற?" என்றார் தேசிங்கு.

நான் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.
எங்களுக்குக் கீழ்த்தளம்.
சுவரில் இரண்டு கோடு,
ஒன்று தண்ணி வந்து நின்றது,
ஒன்று மோனிஷா வளர்ந்தது.
இந்த வருஷம்தான் அவள்
தண்ணியைத் தாண்டினாள்.

போன மழையில் உப்பிய மர அலமாரி
பொங்கலுக்குத்தான் கதவைத் திறந்தது.
பிளாஸ்டிக் என்றால் மிதக்கும் என்றேன்.
"மெதந்து ஜெபமணி அக்கா வூட்டுக்குப் போவும்."
போனால் என்ன, அக்கா திருப்பித் தருவாள்,
உள்ளே இருக்கிறதை அவள் பிள்ளைகள் தருமா
என்பதுதான் தெரியாது.

அப்படி என்ன இருக்கிறது உள்ளே போட?
தலையில்லாத பொம்மை.
சக்கரம் இரண்டே மிச்சமுள்ள ஆட்டோ.
பேட்டரி தீர்ந்த ரிமோட்,
அதில்தான் அவள் தினமும் யாரோடோ பேசுகிறாள்.
சோடா மூடி நாற்பத்தொன்று.
எல்லாம் பிளாஸ்டிக், தகரம்.
இதற்குப் போய் மரப்பெட்டியா
என்று நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவள் காது கூர்மை.

கேட் தூக்கியபோது
நாங்கள் இந்தப் பக்கமே இருந்தோம்.
மூடியோடு முந்நூற்று நாற்பது.
கரடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

தேசிங்குக்கு மனசு ஆறவில்லை.
மணலி யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்,
உடைந்த பேலட் பலகை நாலைக் கொண்டுவந்து
ஞாயிறு முழுக்க ஆணி பிடுங்கி,
உப்புத்தாள் தேய்த்து, ஒரு பெட்டி செய்தார்.
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை
முத்திரையின் இரண்டு எழுத்து.
"எச், டி. யாருப்பா இவங்க?"
"சுட்ட மரம்னு அர்த்தம். பூச்சி வராது."
"சுட்டதா?" என்றேன் நான்.
"ஏய், சூப்பர்வைசரைக் கேட்டுத்தான் எடுத்தேன்."

ஆக, இரண்டு பெட்டி.
இருநூற்றிருபது சதுர அடியில்
இரண்டையும் தாண்டித்தான் கழிவறைக்குப் போகவேண்டும்.

புதன் இரவு பதினொன்றரைக்குத் தண்ணி லாரி.
குடம் ஆறும் நிறைந்து
ஹோஸில் இன்னும் வந்துகொண்டிருந்தது.
யோசிக்கவில்லை.
ஊதா டப்பாவைத் தரையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு
தூக்கிக்கொண்டு ஓடினேன்.
அன்றிலிருந்து அது தண்ணியுடையது.
கரடி அதன்மேல் சிரித்துக்கொண்டிருக்கிறது.

மரப்பெட்டிமேல் முதலில் மிக்சி ஏறியது, ஒரு நாளைக்கு என்று.
பிறகு ரேஷன் அரிசி மூட்டை,
தரை ஈரம் ஏறாமல் இருக்க.
உள்ளே வெங்காயம்.

மோனிஷா அழவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.
அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்டை மல்லாக்க வைத்து
மூடிகளை எண்ணிப் போட்டாள்.
பொம்மையை உட்காரவைத்தாள்.
கையில் தூக்கிக்கொள்ள வார் வேறு இருக்கிறது.
எந்தக் கடையிலும் நாங்கள் இதைப் பார்க்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணி ஷிப்ட்.
இருட்டில் எல்லாவற்றையும் பாயில் கொட்டிவிட்டுப் போனவர்
பத்து மணிக்குப் போன் செய்தார்.
காலையிலிருந்து உச்சந்தலையில் ஏதோ குத்துகிறதாம்,
கழற்றிப் பார்த்தால்
வார்ப்பட்டிக்குள் மாட்டியிருக்கிறதாம்
ஆட்டோவின் முன்சக்கரம்.

"பாப்பா கைல சொல்லு,
சட்டைப் பாக்கெட்ல பத்திரமா கீது."
பின்னால் கிரேன் சத்தம்.
"வெங்காயத்தையும் எட்த்துடு" என்றார்.
எங்கே வைப்பது என்று கேட்பதற்குள்
வைத்துவிட்டார்.