ஏழு கிரெய்ன்

போன வருஷம் என் வில் ஐம்பத்திரண்டு பவுண்டு இழுவை.
இந்த வருஷம் நாற்பது. அதற்கு மேல் தோள் விடவில்லை.
பிப்ரவரியில் தபால்பெட்டிக்குப் போகிற வழியில்
பனிக்கட்டி சறுக்கி விழுந்தேன், அவ்வளவுதான்.
ஹான்காக் ஆஸ்பத்திரியில் ஒரு தகடு, ஆறு திருகாணி.

ஆகவே மூன்றலகு முனைகளை எல்லாம்
அர்வோ கெஸ்கித்தலோவுக்குக் கொடுத்துவிட்டேன்.
மரம் ஏற்றும் லாரியில் வேலை, வயசு இருபத்தாறு,
அலமாரிக் கதவைத் திறப்பதுபோல் வில்லை இழுக்கிறான்.
மூன்று வாய் இருந்தால் மூன்றுக்கும் தீனி போடவேண்டும்.
என் கையில் அத்தனை இல்லை.

இரண்டு அலகு போதும்.
ஒடுங்கலாக, அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம்,
அலகென்று மீன்கொத்திக்குச் சொல்வோமே, அப்படி.
சாணை ஒரு பக்கமா, இரு பக்கமுமா என்று
ஒரு வாரம் ஊசலாடினேன்.
ஒருபக்கச் சரிவு உள்ளே போகையில் திருகும், எலும்பைப் பிளக்கும்.
ஆனால் கடையில் இருந்தது வலச்சரிவு,
என் அம்புகளிலோ வான்கோழியின் இடச்சிறகு.
பறக்கும்போது ஒரு பக்கம், தைத்தபின் மறு பக்கம் சுழல
அம்பென்ன அரசியல்வாதியா?
இடச்சரிவு வரும்வரை காத்திருந்தேன்.
ஒன்று நூற்றறுபது கிரெய்ன்.

சிடார் தண்டின் நுனியைப் பென்சில்போல் சீவி,
பசைக்கட்டியை ஸ்பிரிட் விளக்கில் காட்ட
அரக்காய் இளகுகிறது.
முனையைக் குறட்டில் பிடித்து அடிக்குழலை மட்டும் சூடாக்கணும்.
அலகு நீலம் பூத்துவிட்டால்
எஃகு போய் வெறும் தகரம்.
செருகு, திருகு, தண்ணீரில் முக்கு.
பிறகு கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுண்டிவிடு.
பம்பரம் தூங்குமே, அப்படித் தூங்கவேண்டும்.

போன அக்டோபரில், பதினேழு கஜத்தில்
தூங்காத அம்பொன்றை விட்டேன்.
நகத்தில் அது நடுங்கியது எனக்குத் தெரியும்.
பரவாயில்லை என்றேன்.
பீச் மரத்தடியில் கலைமான் பக்கவாட்டில் நின்றது.
விரல்முட்டியால் கதவைத் தட்டும் சத்தம்.
விலாவில் பட்டால் அந்தச் சத்தம் வராது.
பாதி அம்பு வெளியே ஆட அது ஓடியது.
ராத்திரி மழை. இரண்டு நாள்
சூரல் புதர்களில் தவழ்ந்து தேடியும்
ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

துப்பாக்கி சீசன் முடியும் வாரம்
கேலுமெட்டில் மான் அறுத்துக் கொடுக்கும் லெம்பி ஓயாலா
போன் பண்ணினாள்.
'யாரோ சுட்டுக் கொண்டுவந்தார்கள்,
தோள்பட்டை எலும்பில் உன் சாமான் ஒன்று இருக்கிறது.'
அடிக்குழலில் நான் அரத்தால் கீறும் இரட்டைக் கோடு
அவளுக்குத் தெரியும்.
மாத்திரைக் குப்பியில் போட்டுத் தந்தாள்.
சுற்றிலும் வெள்ளையாய் எலும்பு கட்டியிருந்ததாம்.
இடுப்பில் இரண்டு விரல் கொழுப்பாம்.
நொண்டிக்கொண்டே நன்றாகத் தின்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன்.
நூற்றிருபத்தைந்து இருக்கவேண்டியது நூற்றுப்பதினெட்டு.
நுனி இல்லை.
ஏழு கிரெய்ன்,
நாலு குன்றிமணிகூட வராது.
யார் வீட்டுத் தட்டில், யார் பல்லில்?

எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி டாக்டர்
எலும்பின் பெயர் சொல்லத் தொடங்கினார்.
எனக்கு அந்த எலும்பைத் தெரியும் என்றேன்.
பழி, வினை என்று லெம்பி சொல்லவில்லை,
நானும் சொல்லப்போவதில்லை.
பனி வழுக்கும். அது அதன் குணம்.

நாளைக்கு சீசன் திறக்கிறது.
அரம், கல், அப்புறம் பெல்ட்டுத் தோல்.
இடது முன்கையில் முடி ஒரு பட்டையாய்க் காணோம்.
ஆறில் நாலு தூங்கின.
ஐந்தாவதை மறுபடி சூடாக்கி
கால் சுற்று திருப்பி வைத்தேன், தூங்கியது.
ஆறாவதை மூன்று தரம் கழற்றி மாட்டினேன்.
அர்வோ பார்த்துவிட்டு, 'கண்ணுக்கே தெரியல,
இதுக்கென்ன' என்றான்.
ஒடித்து அடுப்பில் போட்டேன்.
முனை மட்டும் மேஜையில், சூடாக.

ஐந்து அம்பு.
தரையில் பன்னிரண்டு கஜம் எட்டு வைத்து
ஒரு கல் நட்டிருக்கிறேன்.
அதற்கு அப்பால் நிற்பதெல்லாம்
வேடிக்கை பார்க்க.