தீ எழுதுகிறவள்

பதினோரு வருஷமாய் நான் தீ மட்டும் எழுதுகிறேன்.
பௌத்தாவில், மோமோ கடைக்கு மேல் மாடியில்
ஐந்து பேர் ஒரு சாமியைப் பங்கு போட்டுக்கொள்வோம்:
மேகம் ஒருவனுக்கு, மண்டையோட்டு மாலை ஒருவனுக்கு,
தாமரையும் மிதிபடும் உடலும் புத்திமாயாவுக்கு.
முகம் கர்சாங்குக்கு.
எனக்கு, அவரைச் சுற்றி எரிவது.

ஒரு நாக்கு, அதன் முதுகில் இன்னொரு நாக்கு,
சிவப்பின் ஓரத்தில் ஆரஞ்சு, ஓரத்தின் ஓரத்தில் பொன்.
தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவேன்.
எருமைத்தோல் பசையின் வீச்சம்
சோற்றிலும் வரும், தலையணையிலும் வரும்.
சாமி யாரைப் பார்த்து எரிகிறார் என்று
கேட்டதில்லை. தீக்கு எதற்கு அந்தக் கதை.

திங்களன்று கர்சாங் தோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டான்,
யாரிடமும் சொல்லாமல்.
கறுப்புத் துணியில் மகாகாலர்
ஆறு கையும் பல்லும் நகமுமாய்
கண் மட்டும் இல்லாமல் நின்றார்.
வியாழன் காலை மடத்திலிருந்து ஆள் வரும்.
"மெந்தோ, நீ திற" என்றார் கடைக்காரர்,
ஷட்டரைத் திறக்கச் சொல்வது போல.

மூன்று கண். கோபம் வேண்டும்.
எங்கே போவேன்?
அண்ணனின் பாஸ்போர்ட் பணத்தை விழுங்கிய ஏஜெண்டை நினைத்தேன்:
வந்தது அலுப்பு.
தண்ணீர்க் காசை இருமடங்காக்கிய வீட்டுக்காரியை நினைத்தேன்:
பாவம், அவளுக்கும் மூட்டுவலி.
கிண்ணத்தில் செங்குழம்பு ஆடை கட்டியது.

அப்புறம், நேற்று.
சாபஹில் முக்கு.
பலூனுக்குப் பின்னால்
என் கையை உதறிக்கொண்டு ஓடினான் மிங்மார்.
மைக்ரோபஸ்.
என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை
அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.
தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அறைந்தேன்.
பஸ்ஸைப் பார்த்து அழவில்லை பிள்ளை,
என் முகத்தைப் பார்த்து அழுதான்.
செவ்வாய்க்கிழமை பிறந்தவன்; மிங்மார் என்றால் செங்கண்.
நேற்றும் செவ்வாய்தான்.
செங்கண் எனக்கு.

ஆடையை விலக்கித் தொட்டேன்.
மூச்சை அடக்கி, மூன்றையும்.

மடத்து ஆள் நெடுநேரம் நின்றார்.
அளவுகோல் வைத்துப் பார்த்தார், சரி என்றார்.
"இடக்கண் மட்டும் கொஞ்சம்..."
என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.
பட்டில் சுற்றி, மார்போடு அணைத்து
படியிறங்கிப் போனார்.

கண்ணுக்குக் கூலி தனி என்று அதுவரை தெரியாது.
எண்ணிப் பார்த்தேன்: நானூறு தீநாக்கின் விலை.
மிங்மாருக்குச் செருப்பு வாங்கினேன்,
ஓட முடியாதபடி
ஓரளவு பெரிதாய்.