முப்பத்தொன்று

அத்திப்பட்டில் எனக்கு வேலை
நீராவியை மேய்ப்பது.
ஐந்நூற்று நாற்பது டிகிரி குழாய்க்குள் ஓடும்,
திரையில் அது ஒரு பச்சை எண்.
அதைப் பார்த்தபடி எட்டு மணி நேரம்
டீ குடிப்பேன்.

தண்டையார்பேட்டை வீட்டில்
பழைய மீன் தொட்டிக்குள் ஒரு சிறுத்தைப் பல்லி.
பெயர் பிஸ்தா.
மஸ்கட் போன மச்சான்
"மூணு மாசம்தான்" என்று விட்டுப்போனது.
ஐந்தாவது மாதம் மார்கழி.
மழை விடாத வாரத்தில்
தின்ற புழுவை அப்படியே கக்கிவிட்டு
மூலையில் சுருண்டுகொண்டது.

வயிற்றில் சூடு ஏறினால்தான்
இதற்கு இரை செரிக்குமாம்.
சித்திரையில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும் ஊரில்
வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்கக்
கொளத்தூருக்கு பஸ் ஏறினேன்.

"சொவத்துல இருக்கறது
ட்யூப்லைட் பின்னாடி தானா போய் படுத்துக்குது.
இதுக்கு மட்டும் இன்னா ஹீட்டரு?"
வாசல்வரை வந்து கேட்டாள் ஹெப்சி.

கடைக்காரர் முதலில் நீட்டியது ஒரு கல்.
பாறை மாதிரி, அடியில் ஒயர்.
"மேல ஏறி உக்காந்துக்கும் சார், அழகா இருக்கும்."
உட்காரும். அதுதான் பயம்.
என் இடது முழங்கையில் ஒரு தழும்பு உண்டு,
நான்காய் மடித்த ரூபாய் நோட்டு அளவு.
இரவுப் பணியில், இதமாயிருக்கிறதே என்று
ஒரு குழாயில் சாய்ந்து கண்ணயர்ந்தேன்.
இதம்தான் சுட்டது.

அடுத்து சிவப்பு பல்பு.
இருட்டினால்தான் பிஸ்தாவுக்குப் பொழுது விடியும்.
அதை இரவெல்லாம் சிக்னலில் நிறுத்துவதா?

பிறகு ஒளியில்லாப் பீங்கான் பல்பு, நூறு வாட்.
ஒன்றரை அடித் தொட்டிக்கு நூறு வாட் என்றால்
அது வீடில்லை, கொதிகலன்.
கொதிகலன் எனக்குத் தெரியும்.

கடைசியில், அவரே மறந்துபோன அட்டைப்பெட்டியிலிருந்து
காகிதம் போல மெல்லிய கறுப்புப் பாய்.
ஏழு வாட்.
தெர்மோஸ்டாட் கேட்டேன்.
"ஏழு வாட்டுக்கு எதுக்கு சார் அது?"
ட்ரிப் ஆகத் தெரியாத எதையும்
நான் வீட்டுக்குள் விடுவதில்லை.
பாய் அறுநூறு.
அதற்குக் காவல் ஆயிரத்து நானூறு.

தொட்டிக்கு வெளியே, அடிக்கண்ணாடியில் ஒட்டினோம்,
மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்.
சூடு அடைபடாதிருக்க
மூலைக்கொன்றாய் நான்கு சோடா மூடிகள்,
அது ஹெப்சியின் யோசனை.
மணலை அள்ளிவிட்டுக் குளியலறையில் மீந்த ஓடு ஒன்றைப் பரப்பி,
பாய்க்கு நேர் மேலே உணரியை ஒட்டி,
முப்பத்தொன்று என்று வைத்தேன்.

மீதித் தரையை அப்படியே விட்டேன்.
சுட்டால் விலகிப் போக ஒரு பக்கம் வேண்டுமே.
எங்கள் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே அது கிடையாது.
ஏப்ரலில் ஹெப்சி
குளியலறைத் தரையில்தான் படுப்பாள்.

புயல் கரையேறிய இரவு
இரண்டாம் யூனிட் விழுந்தது.
பச்சை எண் சிவந்து, சரசரவென்று இறங்கியது.
ஆளாளுக்கு அலாரத்தை அடக்கிக்கொண்டிருக்க
நான் ஏழு வாட்டை நினைத்தேன்.

விடிகாலையில்தான் போன் கிடைத்தது.

"கரெண்ட் போயி நாலு மணி நேரமாச்சு.
வெந்நீர ஊத்தி, பாட்டில உன் சாக்ஸுக்குள்ள திணிச்சு
கண்ணாடிக்கு வெளியில சாச்சு வெச்சிருக்கேன்.
கன்னத்துல வெச்சுப் பாத்துட்டுதான் வெச்சேன்."

"எவ்ளோ இருக்கும்?"

"என் கன்னம் தாங்குற அளவு."

மழை இரைந்தது அவள் பக்கம்.
பிறகு, தாழ்ந்த குரலில்:
"இன்னும் அந்தப் பக்கம் வரல அது.
இந்த மூலையிலதான் குந்திக்கினு என்னையே பாக்குது.
பரவால்ல,
வர்றப்ப வரட்டும்."