சதுர அடைப்பு

ஒன்பது வருஷத்துக்கு முன்
நான் அச்சில் ஏற்றிய எழுத்து.
காங்கேயத்துக்குத் தெற்கே,
கிளுவம்புதூர்க் குளத்து மதகுக்கல்,
நான்காம் வரி, தேய்ந்த வட்டெழுத்தில் ஒரு ‘ப’.
ப என்றால் பள்ளி.
பள்ளி என்றால் சமணர்.
சமணர் என்றால் ஏடு, எழுத்தாணி,
இந்த வெள்வேலங்காட்டில் அந்தக் காலத்திலேயே
யாரோ யாருக்கோ இலக்கணம் சொன்ன சத்தம்.
பதினேழு பக்கம். அறுபத்தோரு அடிக்குறிப்பு.
முனைவர் பட்டம் அதில்தான் வந்தது.
வீட்டுக் கடனும் அதில்தான் அடைகிறது.

நேற்று மின்தடை.
தறிகள் நின்று ஊர் காதடைத்துக் கிடந்தது.
தொகுப்புக்கு நல்ல படம் ஒன்று வேண்டும்,
அதற்குத்தான் போனேன்.
ஆடு பத்திக்கொண்டு வந்த மாராத்தாளிடம்
டார்ச்சைக் கொடுத்து, சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன்.
நேர் வெளிச்சத்தில் கல் வாய் திறக்காது.
“இப்புடிங்களா?”
இன்னும் கீழே.
“இப்புடிங்களா?”
இடப்பக்கம் ஒரு சுழி எழுந்தது,
பூரான் தலை தூக்கினாற்போல.

சுழி இருந்தால் வ.
வள்ளி.
சமணர் போனார்கள், ஏடு போயிற்று.
மதகுக்குப் பொன் கொடுத்த ஒருத்தி,
அல்லது கொடுத்தவனின் மகள்,
அல்லது அவள் பேர் கொண்ட வாய்க்கால்.
அல்லது சுழியே இல்லை,
யாரோ கடப்பாரை சாய்த்த வடு.

ஈரத்தாள் ஒட்டி, தூரிகையால் அடித்து,
மை ஒற்றி எடுத்த பழைய படியை
ராத்திரி முழுக்க லென்சுக்கடியில் வைத்திருந்தேன்.
சுழி அதிலும் இருக்கிறது.
பக்கத்தில் பென்சிலால், என் கையெழுத்தில்:
‘மைக்கறை’.

மாராத்தாள் ஊருக்குள் சொல்லியிருப்பாள் போல.
விடிந்ததும் ஊராட்சித் தலைவர் ராக்கியண்ணன் ஃபோனில்:
“ஏனுங்க, ‘பள்ளி கண்ட பழம்பதி’ன்னு
நொழவாசல் வளைவுல கிரானைட்டுல வெட்டியாச்சுங்களே.
ஒத்தை எழுத்துத்தானுங்க, உட்டுப்போடுங்களே.”
பிறகு கூப்பிடுகிறேன் என்றேன்.
கூப்பிடவில்லை.

நேற்று டார்ச்சைத் திருப்பித் தரும்போது
மாராத்தாள் கேட்டது வேறு.
“அந்தப் புள்ள எத்தன பவுனு குடுத்துச்சாமுங்க?”
தொகை இருந்த இடத்தில் கல் உடைந்திருக்கிறது.

பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன்.
‘என் வாசிப்பு தவறு.’ அடித்தேன்.
‘தவறாக இருக்கக்கூடும்.’ அதையும் அடித்தேன்.
மதியம் வரை போராடி நின்றது இவ்வளவு:
[வ]ள்ளி.
சதுர அடைப்புக்குள் நிற்கும் எழுத்து
ஐயத்துக்குரியது, எங்கள் தொழிலில்.

கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு:
சுழி முதல் மைப்படியிலேயே உண்டு.
கறை என்று எழுதியது நான்.

அறுபத்திரண்டாவது.