எட்டு மூலை

கூக்கல்தொறையிலிருந்து கேரட் ஏற்றும் ஜீப்.
முன்பக்க இடது சக்கரம்
கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும்
முனகுகிறது என்றாள் ருக்கியம்மாள்.
ஜாக்கி வைத்துத் தூக்கி
மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்.
விழப்போகும் பால்பல்.

ஆறு போல்ட், ஒரு மூடி, ஒரு வளையம்,
கறுத்துக் கெட்டிப்பட்ட கிரீஸ் ஒரு கைப்பிடி.
எல்லாவற்றுக்கும் உள்ளே
கிணற்றில் விழுந்த செம்புபோல்
எட்டு மூலை நட்டு.
மூலைக்கு மூலை உளி வெட்டு.

எவனோ ஒரு படுபாவி
ஸ்பேனர் தேடச் சோம்பி
உளியை வைத்து அடித்திருக்கிறான்.
விளங்குவானா அவன், என்றேன்.
இன்னும் கொஞ்சம் சொன்னேன்,
அதை எழுத முடியாது.
ருக்கியம்மாள் ஃபோனில்
மண்டி விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

உளி என்னிடமும் இருந்தது.
மேஜைமேல், கைக்கெட்டும் தூரத்தில்.

பழைய மண்டிச் சீட்டொன்றை
நட்டின்மேல் வைத்து அழுத்தினேன்.
கிரீஸில் பதிந்தது அதன் முகம்.
மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கட்டபெட்டில் பஸ் ஏறினேன்.

கோத்தகிரியில் போஜன் கடை.
சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"பிஸ்கட்டா?" என்றார்.

குன்னூரில் ஒன்று கிடைத்தது.
அளவு அதே, மூலையும் எட்டு.
சுவர்தான் தடிமன்.
நட்டுக்குப் பொருந்தும்,
நட்டு குடியிருக்கும் குழிக்குள் இறங்காது.
மாப்பிள்ளை சரி, நிலைப்படி சிறுசு என்று
சிரித்தான் கடைப்பையன்.
கடைந்து மெலிதாக்கலாமே என்று
லேத் லாரன்ஸிடம் போனால்
மேகம் இறங்கிக் கரண்ட் இல்லை.
பிறகு மழை.
சட்டைப்பைக்குள் கிரீஸ் பரவி
எட்டு மூலையும் மெல்ல
வட்டமாகிக்கொண்டிருந்தது.

பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
மேட்டுப்பாளையத்தில் ஹனீபாவின் இரும்புக் கடை.
சைக்கிள் ரிம்கள், உடைந்த தையல் மெஷின் கால்,
அவற்றுக்கு அடியில்
ஒரு சாண் குழாய்போல் அது.
மெல்லிய சுவர்.
ஒரு முனையில் எட்டு மூலை,
மறுமுனையில் கம்பி நுழைக்க ஓட்டை.
அவருக்கு அதன் பேர் தெரியாது,
அளவு தெரியாது. எடை தெரியும்.
தராசில் வைத்தார்: ஒன்றேகால் கிலோ.
பழைய இரும்பு விலைதான்.
நான் கொண்டுபோன பணத்தில்
பிரியாணியும் சாப்பிட்டேன்.

மலையேறும் பஸ்ஸில் அதை மடியில் வைத்து
உள்ளே விரல் விட்டு எண்ணினேன்.
எட்டு.
காட்டேரி வருவதற்குள் மூன்று முறை எண்ணினேன்.

மறுநாள் காலை
குழிக்குள் இறங்கி
டக்கென்று உட்கார்ந்தது.
கம்பியை நுழைத்து உடம்பைச் சாய்க்கப் போனேன்,
அதற்குள் திரும்பிவிட்டது.
இவ்வளவுதானா என்று
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நட்டைத் துடைத்து வெயிலில் பிடித்தேன்.
வெட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
இடது கையால் சுத்தியல் பிடிப்பவன்
அடித்த வெட்டு.
இந்தப் பக்கம் இடது கைக்காரன் யார் என்று
யோசித்தபடி
இடது கையால் தலையைச் சொறிந்தேன்.

"பதினோரு வருஷம் இருக்கும்,"
என்றாள் ருக்கியம்மாள்.
"அப்ப இது எங்க மச்சான் வண்டி.
இருநூறு ரூவா வாங்குனீங்க.
டீயும் ரெண்டு தடவ குடிச்சீங்க."

நேற்றே சொல்லியிருக்கலாமே.

"நீங்க திட்டுறது
கேக்க நல்லாருந்துச்சு."

அரத்தால் பிசிறுகளைத் தேய்த்தேன்.
புது பேரிங், புது கிரீஸ்.
இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி,
சக்கரத்தைச் சுழற்றிவிட்டு
அது தானாக நிற்கும்வரை
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
கூலியில் இருநூறு குறைத்துச் சொன்னேன்.
எண்ணித் தந்தாள். ஐம்பது குறைந்தது.
வட்டியாம்.

ஜீப் வளைவில் திரும்பும்போது
ரோட்டில் நின்று காது கொடுத்தேன்.
மூட்டைகள் உரசின,
தளர்ந்த நம்பர் பிளேட் தாளம் போட்டது.
இடது சக்கரம்
வாயே திறக்கவில்லை.